சாரி-கிர் நிலையத்தின் இருபது மணி நேரம்

சாரி-கிர் நீரேற்று நிலையத்தில் 1996 முதல் 2018 வரை எழுதப்பட்ட பதிவேடுகள் இருபத்துமூன்று; ஆண்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் முதுகிலும் துளையிட்டு நூல் கோத்து, முடிச்சின் மேல் காகிதம் ஒட்டி, அதன்மேல் வட்டார நீர்த்துறை அலுவலகத்தின் முத்திரை குத்தப்பட்டிருக்கும். ஒரு தாளைக்கூட யாரும் உருவ முடியாது. எழுத்து முழுவதும் ஒரே கையினுடையது: நீல மை, வலப்பக்கம் சற்றே சாயும் எண்கள், அடித்தல் திருத்தல் எங்கும் இல்லை. அந்தக் கை நிலையத்தின் ஆபரேட்டர் சைக்கால் தாஷ்மாத்தவாவுடையது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் சைக்கால் அக்கா.

2019 பிப்ரவரியில் அந்த இருபத்துமூன்று பதிவேடுகளையும் கணினியில் ஏற்றும் வேலை எனக்குக் கிடைத்தது. ஓஷ் பல்கலைக்கழகத்தில் முதுநிலை ஆய்வுக்காக நீர்ப்பாசன ஆவணங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அதே ஆவணங்களைப் படியெடுக்க வெளிநாட்டுக் கடனில் நடக்கும் ஒரு திட்டத்துக்கும் ஆள் தேவைப்பட்டது. வட்டாரத்தில் நீரேற்று நிலையங்கள் பதினொன்று. அவற்றுள் ஆறைப் புதுப்பிக்கத்தான் திட்டத்தில் பணம். எந்த ஆறு நிலையங்கள் என்பதைப் பதிவேடுகள் தீர்மானிக்கும்: எந்த நிலையம் அதிக மணி நேரம் ஓடாமல் நின்றதோ, அதற்கு உதவி முதலில்.

சாரி-கிர் பதிவேடுகளில் 'ஓடிய நேரம்' என்ற பத்தியில் பாசனக் காலம் முழுவதும், ஆண்டுதோறும், நாள்தோறும், இருபது மணி நேரம் என்றே எழுதியிருந்தது. மின்னோட்டம் 182 ஆம்பியர். பதினொரு ஆண்டுகளாக அது ஒரு புள்ளிகூட அசையவில்லை. 2012 ஏப்ரலில் பனிச்சரிவில் கம்பிகள் அறுந்து வட்டாரம் முழுவதும் ஐந்து நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தது எனக்கு நினைவிருக்கிறது. பதிவேட்டில் அந்த ஐந்து நாளும் இருபது மணி நேரம். அதை என் கணினி அட்டவணையின் கடைசிப் பத்தியில் குறிப்பாகச் சேர்த்தேன். கூட்டுத்தொகைகளை மட்டுமே பார்த்தவர்கள் குறிப்புகளைத் திறக்கவில்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரம், எந்த நிலையத்துக்கு உதவி முதலில் என்ற வரிசைப் பட்டியல் வெளியானது. அதை எடுத்துக்கொண்டு காலையில் நிலையத்துக்குப் போனேன். அடிவாரக் கால்வாயிலிருந்து அறுபது மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றி மேல்வாய்க்காலில் விடும் நிலையம் அது. மேட்டில் இருப்பது மேலூர், நூற்று நாற்பது வீடுகள். எல்லா வீட்டுக்கும் பாதாமி என்னும் ஏப்ரிகாட் மரங்கள்தான் சோறு. 1978-இல் பொருத்திய நான்கு பம்புகளில் இரண்டைக் கழற்றி மற்ற இரண்டுக்கு உதிரி உறுப்பாக்கியாயிற்று. மீந்த இரண்டில் ஒன்று போன ஆண்டு எரிந்துவிட்டது. ஓடுவது மூன்றாம் எண் பம்பு மட்டும். அதன் சுழல்தண்டில் விரல் நீளத்துக்கு விரிசல். மின்சாரமும் நாளுக்கு நான்கைந்து மணி நேரம்தான் வரும்.

அக்கா பச்சைத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எதிரில் கவிழ்த்த பெட்டியின் மேல் எர்கேஷ் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மேலூரில் முறைத் தண்ணீர் பங்கிடுபவர் அவர்; யார் தோட்டத்துக்கு எத்தனை மணிக்கு மடை திறப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அக்காவின் மறைந்த கணவருக்குச் சித்தப்பா மகன் என்பதால் அண்ணியைக் கேலி செய்ய அவருக்கு முழு உரிமை உண்டு. அக்காவோ புகுந்த வீட்டு ஆண்களின் பெயரை வாயால் சொல்லாதவர். கல்யாணமாகி வந்த நாளில் அவருக்கு "முல்லாத் தம்பி" என்று பெயர் வைத்தார். அந்த முல்லாத் தம்பி தொழுகைக்குப் போய் யாரும் பார்த்ததில்லை.

"எத்தனையாவது?" என்று அக்கா கேட்டார்.

"பதினொண்ணாவது அக்கா."

"மொத்தம் எத்தனை?"

"பதினொண்ணு."

எர்கேஷ் அண்ணன் ரொட்டியைக் கீழே வைத்தார். "கடைசின்னா ரொம்ப மோசம்னுதானே அர்த்தம்? நம்மளவிட மோசம் யாரு இருக்கா? முதல்ல நம்மளுக்குத்தானே குடுக்கணும்?"

"இல்லண்ணே. நல்லா ஓடுற நிலையம்தான் கடைசி. காகிதத்துல நம்ம நிலையம் இருபத்துமூணு வருஷமா ஒரு நாள்கூட நிக்கல. தினம் இருபது மணி நேரம் ஓடியிருக்கு."

அவர் திரும்பி அண்ணியைப் பார்த்தார். "இருபது மணி நேரமா? அந்தத் தண்ணியெல்லாம் எங்க அண்ணி போச்சு? எங்களுக்குத் தெரியாம மலைக்குப் பின்னாடி தனியாக் கடல் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"தேத்தண்ணியக் குடிங்க முல்லாத் தம்பி. ஆறிப்போகுது."

"சொல்லுங்க, கப்பல் விடலாமா? நான் மாலுமி ஆயிடறேன். இந்த மம்பட்டியத் தூக்கித் தூக்கி எனக்கும் முதுகு போச்சு."

அக்கா சிரிக்கவில்லை. பட்டியலை வாங்கி, கண்ணாடி போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டுப் பம்பு அறைக்குள் போனார். திரும்பி வரக் கால் மணி நேரமானது.

"மழைக்கு முன்னாடி இந்தத் தண்டு போயிடும்," என்றார். "அடுத்த வருஷம் பூ வைக்கும்போது மேல ஒரு சொட்டு ஏறாது."

எர்கேஷ் அண்ணன் மம்பட்டியை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

ஏன் இருபது என்று எழுதினார் என்பதை அக்கா ஒரே மூச்சில் சொல்லவில்லை. அந்த வாரம் நான்கு முறை போனேன். கேட்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1983-இல் இருபத்தோரு வயதில் வேலைக்குச் சேர்ந்தார். மறு ஆண்டு வசந்தத்தில் ஒரு நாள் பம்பு பழுதாகிப் பதினான்கு மணி நேரம்தான் ஓடியது. அவர் பதினான்கு என்றே எழுதினார். மூன்றாம் நாள் பதிவேடு திரும்பி வந்தது. எண்ணுக்குக் கீழே சிவப்புப் பென்சில் கோடு. பிரிவுத் தலைவர் கத்தவில்லை, தேநீர் கொடுத்து உட்காரவைத்துச் சொன்னாராம், "பெண்ணே, திட்டம் இருபது. உன் ஒரு பதினாலால வட்டாரத்தோட கணக்கு உடையுது, வட்டாரத்தால மாகாணத்தோட கணக்கு உடையுது. போய்ச் சுத்தமா எழுது."

"நான் அதைப் பொய்னே நினைக்கல," என்றார் அக்கா. "பள்ளிக்கூடத்துல அழகா எழுதுன்னு சொல்லுவாங்கள்ல, அது மாதிரின்னு நினைச்சேன்."

அப்போது அந்த ஒரு நாளைத் தவிர மற்ற நாட்கள் எல்லாம் உண்மையிலேயே இருபதுதான். பிறகு நாடு உடைந்தது. கூட்டுப்பண்ணை கலைந்து நிலம் வீட்டுக்கு வீடு துண்டானது. உதிரி உறுப்பு வருவது நின்றது, மின்சாரம் விட்டு விட்டு வந்தது. பத்து நாளுக்கு ஒரு முறை இருபது என்று அறிக்கை அனுப்பும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. நிலையம் ஓடிய நேரம் பதினாறானது, ஒன்பதானது, ஐந்தானது. 1998-இல் பக்கத்து ஊரான கரா-ஜாரின் ஆபரேட்டர், நேர்மையான மனிதர், "அறுபத்தொரு நாள் ஓடவில்லை" என்று எழுதி அனுப்பினார். உறுப்பு கேட்டுத்தான் எழுதினார். இலையுதிர் காலத்தில் லாரி வந்தது. ஓடாத நிலையம் என்று பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு கோடையில் கரா-ஜாரின் தோட்டங்கள் விறகாயின. நாற்பது குடும்பங்கள் ரஷ்யாவுக்குப் போய்விட்டன.

"அந்த லாரி எங்க நிலையத்து வழியாத்தான் போச்சு. டிரைவர் தண்ணி கேட்டான், குடுத்தேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இருபதுதான். வானம் இடிஞ்சாலும் இருபது."

இருபது என்ற எண்தான் சாரி-கிர் நிலையத்தை இருபத்தோரு ஆண்டுகள் காப்பாற்றியது. அதில் எனக்கு ஐயமில்லை. பொய் சொன்னதற்காக அவரைக் குறை கூற ஆவணங்களில் ஓர் இடமும் நான் காணவில்லை. எடுத்துப்போக வருபவர்களுக்காக எழுதிய பதிவேட்டை இப்போது கொடுக்க வந்தவர்கள் படித்துவிட்டார்கள், நடந்தது அவ்வளவுதான்.

மறுப்புத் தெரிவிக்கப் பத்து நாள் அவகாசம் இருந்தது. விதி எளியது: பதிவேடு தவறு என்று அதை எழுதியவரே கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும், உண்மையான நேரத்துக்கு வேறோர் ஆவணமும் வேண்டும். அக்காவுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. ஓய்வுக்குப் பதினோரு மாதம் பாக்கி. பொய் ஆவணம் எழுதியதாகக் கையெழுத்திட்டால் வேலை போகும் என்பதை நான் சொல்லித்தான் அவர் அறிய வேண்டும் என்பதில்லை.

"வேற ஆவணம்னா?" என்று கேட்டார்.

எர்கேஷ் அண்ணன்தான் எழுந்து போய்த் தன் வீட்டிலிருந்து ஒரு மாவுச் சாக்கைத் தூக்கி வந்தார். உள்ளே பள்ளிக்கூட நோட்டுகள், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கானவை. முத்திரை இல்லை, நூல் இல்லை. சிலவற்றில் ஆட்டுக் கொழுப்புக் கறை. யார் வீட்டுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் போனது, எப்போது நின்றது என்று ஒவ்வொரு முறையும் குறித்து, அந்த வீட்டுக்காரர் பக்கத்தில் கையெழுத்திட்டிருந்தார். எழுதத் தெரியாத கிழவர்களின் பெருவிரல் ரேகையும் இருந்தது.

"இதுல ஒரு நிமிஷம் கூட்டி எழுத முடியாது தங்கச்சி," என்றார். "கால் மணி நேரம் தப்பா எழுதினேன்னு ஒருத்தன் என் முன்பல்லைப் பேத்துட்டான். இங்க பாரு, ஓட்டை."

நான் ஒரு வாரம் அந்த நோட்டுகளைக் கூட்டினேன். 2018-இன் பாசனக் காலத்தில் நாளுக்குச் சராசரி நான்கு மணி முப்பது நிமிடம். மேலே அனுப்பிய ஆவணம் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காட்டிய ஆவணம் ஒன்று. இரண்டையும் அருகருகே வைத்தபோது எது நம்பத்தக்கது என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஆனால் முத்திரை இருந்தது மற்றதில்.

வாக்குமூலத்தைத் தயாரித்து, மூவருமாக வட்டார அலுவலகத்துக்குப் போனோம். தலைமைப் பொறியாளர் கெனெஷ்பேக், நாற்பத்தைந்து வயது, வேலை பழக வந்த முதல் கோடையை சாரி-கிர் நிலையத்தில் கழித்தவர். அக்காவைக் கண்டதும் எழுந்து நின்றார். தாளைப் படித்ததும் உட்கார்ந்தார்.

"அக்கா, இதைக் குடுக்காதீங்க."

"ஏன் தம்பி?"

"ஒவ்வொரு பதிவேட்டுலயும் கடைசிப் பக்கத்துல 'சரிபார்க்கப்பட்டது'ன்னு ஒரு கையெழுத்து இருக்கு. ஒன்பது வருஷமா அது யாரோடது?"

"உன்னோடது."

"நீங்க எழுதினது தப்புன்னா நான் போட்டது என்ன?"

"அதுவும் தப்புதான் கெனெஷ்," என்றார் அக்கா, சலிப்பாக, பால் திரிந்துவிட்டது என்று சொல்வதைப்போல.

எர்கேஷ் அண்ணன் சும்மா இருக்கவில்லை. "நீங்க எப்பவாவது வந்து பாத்தீங்களா தம்பி? ஆமா, வந்தீங்க. 2014-ல. பாதாமி பழுத்திருந்துச்சு. ரெண்டு பெட்டி கொண்டு போனீங்க. அதைச் சரிபாத்தீங்க போல."

"அண்ணே, நான் உங்களோட சண்டை போட வரல."

"நான் வந்திருக்கேன். இடம் காட்டுங்க, எங்க நிக்கட்டும்?"

"முல்லாத் தம்பி, வாய மூடுங்க," என்றார் அக்கா.

கடைசியில் கெனெஷ்பேக் பேனாவை எடுத்து வாக்குமூலத்தின் ஓரத்தில் ஒரு தொடரை எழுதி, தாளை என் பக்கம் தள்ளினார்: 'மேலதிகாரிகள் அறியாத வகையில்.' அந்தத் தொடர் சேர்ந்தால் தாளை மேலே அனுப்புவதாகச் சொன்னார். இல்லாவிட்டால் அது தன் மேசையிலேயே இருக்கும் என்றார். அவர் குரலில் மிரட்டல் இல்லை. அவருக்கும் மூன்று பிள்ளைகள், மேலே ஒரு மேலதிகாரி.

"இது உண்மையில்லையே அக்கா," என்றேன். "பொய்யைத் திருத்துற தாள்லயே இன்னொரு பொய் எழுதச் சொல்றாரு."

"எழுது," என்றார் அக்கா. "பழகின கைதானே."

நான் எழுதினேன். சாட்சியான எர்கேஷ் அண்ணனின் பெயரைக் கையெழுத்திடுபவர் தன் கையால் நிரப்ப வேண்டும் என்று ஓர் இடம் இருந்தது. அக்கா பேனாவை வைத்துவிட்டார்.

"இதை நீயே எழுதிடு."

"விதிப்படி நீங்கதான் எழுதணும்."

"முப்பத்தாறு வருஷமா சொல்லாத பேரு. தாள்லயும் வராது."

கெனெஷ்பேக் கூரையைப் பார்த்தார். எர்கேஷ் அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணி, வேலைய விட்டுக் குடுக்கறீங்க, மானத்த விட்டுக் குடுக்கறீங்க, என் பேரை மட்டும் விட மாட்டீங்களா? 'முல்லாத் தம்பி'ன்னே போடுங்க. வெளிநாட்டுக்காரன் பெரிய மார்க்க அறிஞர் சாட்சி சொல்லிட்டார்னு நெனைச்சுக்குவான்."

பெயரை நானே எழுதினேன். கையெழுத்து அக்காவுடையது: வலப்பக்கம் சாய்ந்த அதே எழுத்து.

ஜூன் ஐந்தாம் தேதி முடிவு வந்தது. சாரி-கிர் பதினொன்றாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு ஏறியிருந்தது; திட்டத்தில் சேர்ந்துவிட்டது. கடிதத்தின் இரண்டாம் பத்தி, ஒப்பந்தப்புள்ளி நடைமுறைகள் காரணமாகப் பணி அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்கும் என்றது. நான்காம் பத்தி, பதிவேட்டைப் பொய்யாக எழுதிய ஊழியரை ஜூலை முதல் தேதி பணியிலிருந்து நீக்கும்படி வட்டார அலுவலகத்துக்குப் பரிந்துரைத்தது. நான் கடிதத்தை இரண்டு முறை சத்தமாகப் படித்தேன். முதல் முறையில் எர்கேஷ் அண்ணன் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார். நான்காம் பத்திக்கு வந்தபோது போய் அதைப் பொறுக்கிக்கொண்டார்.

"சரி," என்றார் அக்கா. "கிடைச்சிடுச்சு." எழுந்துபோய் வாசலில் கிடந்த தன் செருப்பைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

ஜூலை முதல் தேதி சாவியையும் இருபத்துநான்காவது பதிவேட்டையும் ஒப்படைத்தார். அவற்றை வாங்கி நிலையத்தை ஓட்டப் புது ஆள் இல்லை. ஆறாயிரம் சோம் சம்பளத்துக்கு இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் விரிசலைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டுப் போனார். மற்றவர் அடுத்த வாரமே மாஸ்கோ பஸ் ஏறிவிட்டார். மேலே இலைகள் சுருளத் தொடங்கியிருந்தன. நான்காம் தேதி கெனெஷ்பேக் ஒரு தாளோடு வந்தார். காவலாளி, தற்காலிகம், மூன்று மாதம். ஆபரேட்டர் வேலைக்கு நீக்கப்பட்டவரை வைக்க முடியாது. காவலாளி வேலைக்கு வைக்கத் தடை இல்லை. சம்பளம் பாதி. அக்கா கையெழுத்திட்டுவிட்டு, மின்சாரம் வந்த நேரம் என்பதால், உள்ளே போய்ப் பம்பைப் போட்டார்.

பத்தாம் தேதி அறிக்கை நாள். பன்னிரண்டு மணிக்கு நிலையத்தின் பழைய தொலைபேசி ஒலித்தது. நான் அங்கே இருந்தேன். கெனெஷ்பேக்கின் குரல் அறை முழுவதும் கேட்டது.

"அக்கா, அறிக்கை இன்னும் வரல."

"என்ன எழுதணும்? ஓடின நாள்ல நாளுக்கு நாலு மணி இருபது நிமிஷம். அதுதான் ஓடுச்சு."

"வழக்கம்போல எழுதுங்க அக்கா."

"எது வழக்கம்?"

"இருபது."

"அதுக்குத்தானே தம்பி என்னை நீக்கினீங்க?"

"அது திட்டத்துக்காரங்களுக்கு. இது மின்சாரத்துக்கு. ஓடின நேரத்த வச்சுத்தான் அடுத்த மாசத்துக்கு ஒதுக்குறாங்க. நாலுன்னு போட்டீங்கன்னா ஆகஸ்ட்ல ரெண்டு மணி நேரம்கூட விட மாட்டாங்க. சத்தியமா நான் சொல்லல அக்கா, விதி அப்படி இருக்கு. புது பம்பு வர்ற வரைக்கும் மரம் உயிரோட இருக்கணும்ல?"

அக்கா தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "திட்டத்துக்காரங்க இந்தப் பதிவேட்டையும் கேப்பாங்களா?"

"அடுத்த வருஷம் வேலை தொடங்குறப்ப கேக்கலாம்," என்றேன். "கேக்காமலும் போகலாம்."

"உறுதியாச் சொல்ல முடியாதா?"

"முடியாது அக்கா."

அவர் கொஞ்ச நேரம் சன்னல் வழியே மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முறை, மேலூரின் கடைசித் தெருவுக்கு; பதினேழு வீடுகள். பிறகு பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, பத்து நாளுக்கும் பத்து வரிகள் எழுதினார். இருபது, 182. இருபது, 182. நூலும் முத்திரையும் புதிது. ஆபரேட்டர் கையெழுத்து என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"காவலாளி இதுல போடலாமா?"

"கூடாது."

"அப்ப சும்மா விட்டுடறேன். யாரு பாக்கப் போறா?"

தொலைபேசியை எடுத்து எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். மறுமுனையில் கெனெஷ்பேக் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வது கேட்டது. மேலிருந்து எர்கேஷ் அண்ணனின் கூச்சல் வந்தது: "அண்ணி! தண்ணி இன்னும் பாதி வாய்க்கால்தான். கடலத் திறந்து விடுங்க!"

அக்கா பதிவேட்டை மூடிவிட்டு எழுந்தார். மின்சாரத்தை நிறுத்துவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மூன்றாம் எண் பம்பின் பேரிங்கில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். எண்ணெய்க் குவளையை எடுத்துவரச் சொன்னார். எடுத்து வந்தேன்.